எஸ்தர் டீச்சர் வரைந்த பரலோகம்

கள்ளக்குறிச்சி வட்டார ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வாட்ஸப் குழு, நீண்ட விவாதத்துக்குப் பிறகு வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவொன்றை எடுத்தது. காலை வணக்கப் படங்களை எட்டு மணிக்கு மேல் யாரும் அனுப்பக் கூடாது. ரோஜாப்பூ, சூரியோதயம், தேநீர்க் கோப்பை அனைத்துக்கும் இது பொருந்தும். தலைவர் முன்மொழிந்தார், துணைத் தலைவர் வழிமொழிந்தார். எதிர்த்த ஒருவர் குழுவிலிருந்து வெளியேறி, மாலையில் திரும்பச் சேர்க்கப்பட்டார். முடிவு அமலுக்கு வந்த முதல் நாளே, எட்டு மணிக்குப் பிறகு ஒரு படம் வந்தது. விதியை மீறியது யார் என்று பார்க்கத்தான் திறந்தேன். எஸ்தர் டீச்சரின் படம். அத்தை விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார்கள் என்று அவருடைய தம்பி மகள் அவர் போனிலிருந்தே கீழே எழுதியிருந்தாள். அதன்பின் வெகுநேரம் யாரும் எதுவும் அனுப்பவில்லை. எங்கள் குழுவில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை.

அவரோடு ஒரே ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. நான் தமிழ், அவர் ஓவியம். கணக்கு ஆசிரியர் பாடத்தை முடிக்காதபோது எடுத்துக்கொள்ள வேண்டிய வகுப்புக்குத்தான் ஓவிய வகுப்பு என்று பெயர் என்பது எங்கள் பள்ளியில் எழுதப்படாத சட்டம். டீச்சர் அதை எதிர்த்ததில்லை. "எடுத்துக்கங்க சார். ஒரே ஒரு வட்டம் மட்டும் காம்பஸ் இல்லாம போட வெச்சிடுங்க" என்பார். கணக்கு ஆசிரியர் வட்டத்தைத் தவிர மற்றதையெல்லாம் நடத்தினார்.

ஓய்வுபெற்ற பிறகு அவர் செய்த வேலையைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். வெள்ளிமலையில் இருக்கும் சிறிய தேவாலயம் ஒன்றுக்குள் பக்கச் சுவரில் பரலோகத்தை வரைந்து தரும்படி அதன் செயலாளர் ஞானப்பிரகாசம் கேட்டார். டீச்சர் உடனே ஒப்புக்கொண்டார். அவருடைய கணவர் ஏழுமலை பல வருடங்கள் அந்த மலைப்பாதைப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். அவர் இறந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. சனிக்கிழமைதோறும் டீச்சர் அந்தப் பேருந்தில் ஏறிப் போனார். எனக்கும் வேலை இல்லாததால் பல சனிக்கிழமைகளில் கூடப் போனேன்.

வேதாகமத்தின் கடைசிப் பகுதியில் பரலோக நகரத்தின் வர்ணனை வருகிறது. மதிலுக்குப் பன்னிரண்டு அஸ்திவாரங்கள், ஒவ்வொன்றும் ஓர் இரத்தினம். பதினோராவது கல்லான சுநீரத்துக்கு என்ன நிறம் என்று டீச்சர் என்னைக் கேட்டார். வீட்டில் இருந்த அகராதிகளை எல்லாம் புரட்டினேன். "ஒருவகை மணி" என்று போட்டிருந்தது. அகராதி எழுதியவர்களும் பார்த்ததில்லை என்று அதற்குப் பொருள். கடைசியில் இருவரும் காதர் பாயின் பெயிண்ட் கடைக்குப் போனோம்.

"ஷேடு கார்டுல சுநீரம் இல்ல டீச்சரம்மா" என்றார் பாய், கார்டை முழுக்க விரித்துப் பார்த்துவிட்டு. "நீங்க மனசுல நெனைக்கிற கலர சொல்லுங்க. மிஷின்ல கலக்கித் தரேன்."

"சாமை முத்தும்போது காடு ஒரு கலரு வரும் பாய். அதக் குடுங்க. எமல்ஷன்லயே போதும்."

"அங்க மழை பெய்யுமா?"

டீச்சர் யோசித்தார். "அதப் பத்தி வேதத்துல ஒண்ணும் எழுதல."

"அப்ப வெளிச்சுவர் பெயிண்ட்டே வாங்கிக்கங்க. வெல கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனா பரலோகம் பாருங்க, ரொம்ப நாளு நிக்கணும்."

டீச்சர் வாங்கிக்கொண்டார். ஒரு வியாபாரியின் வாதம் இறையியலோடு இவ்வளவு சுமுகமாக ஒத்துப்போனதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அடுத்த சிக்கல் கடவுளின் சிங்காசனத்தைச் சுற்றி நிற்கும் நான்கு உயிரினங்களால் வந்தது. அவற்றுக்கு முன்னும் பின்னும் உடம்பெல்லாம் கண்கள். டீச்சர் எழுதியிருந்தபடியே வரைந்தார். பார்க்க வந்த ஒரு பெண் கும்பிட்டுவிட்டு, "இன்னா டீச்சர், அம்மை போட்டுக்கீதா இதுக்கு?" என்று கவலையோடு கேட்டார். டீச்சர் கண்களை எல்லாம் இறகுகளுக்குள் கொண்டுபோய், மயில் தோகையில் இருப்பதுபோல அமைத்தார். அழகாக வந்தது. ஆனால் அடுத்த வாரம் சபைக் கமிட்டி கூடி, சுவரில் முருகன் வாடை அடிப்பதாகக் கண்டறிந்தது. "மயில கொஞ்சம் கம்மி பண்ணிக்கங்க டீச்சர்" என்றார் செயலாளர். டீச்சர் கழுத்து நீலத்தை எடுத்துவிட்டுத் தோகையை விட்டுவைத்தார். கமிட்டிக்குக் கழுத்துதான் மயில்.

பிறகு மக்கள்கூட்டம். எல்லா தேசத்திலிருந்தும் வந்து, வெள்ளை அங்கி உடுத்தி நிற்கும், யாராலும் எண்ண முடியாத திரள். டீச்சர் மனத்துக்கு வந்த முகங்களாகச் சிலவற்றை வரைந்தார். சபையாருக்குத் திருப்தி இல்லை. "இவங்கல்லாம் யாரு? வெளியூரா?" என்று கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருந்தது. அதன்பின் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் படங்களைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். பெரும்பாலும் ஆதார் அட்டைப் படங்கள். அந்த முகத்தோடு நித்தியத்தில் நிற்கும்படி யாரும் பாவம் செய்திருக்க முடியாது என்று டீச்சர் ஒவ்வொன்றையும் சரிசெய்தார். விழுந்த பல்லைக் கட்டினார், சோர்ந்த கண்ணைத் திறந்தார்.

செய்தி பரவி, சபையில் இல்லாதவர்களும் வந்தார்கள். கூலி வேலைக்குப் போகும் சின்னப்பொண்ணு ஒருநாள் வந்து வாசலிலேயே நின்றார். அவருடைய மகள் காய்ச்சலில் இறந்து நாளாகிவிட்டது. கையில் படம் இல்லை.

"போட்டோ எடுக்கலீங்க."

"பரவால்ல, உள்ள வா. அவ சிரிச்சா மூஞ்சி எப்பிடி ஆவும்னு சொல்லு."

சின்னப்பொண்ணு உள்ளே வந்தார். "ஒரு கண்ணு மட்டும் மூடிக்குமுங்க" என்றார்.

டீச்சர் வரைந்தார். சின்னப்பொண்ணு கிட்டே போய்ப் பார்த்தார். "இன்னும் கறுப்புங்க எம்பொண்ணு." டீச்சர் நிறத்தைக் கூட்டினார். "இன்னும்." மறுபடி கூட்டினார். மூன்றாவது முறை சின்னப்பொண்ணு சுவரடியில் உட்கார்ந்துவிட்டார். டீச்சர் தூரிகையைக் கழுவப் போனார். கழுவி முடிக்க வெகுநேரம் ஆனது.

ஏழுமலை அந்தக் கூட்டத்தில் எப்போது வந்து சேர்ந்தார் என்று நான் கவனிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை பார்த்தபோது, வெள்ளை அங்கியின் கழுத்தில் காக்கிக் காலர் கொஞ்சம் தெரிய நின்றிருந்தார். செயலாளரும் பார்த்துவிட்டார். ஏழுமலை ஞானஸ்நானம் பெற்றவர் அல்லர். ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சரைக் கோயிலில் இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். உள்ளே போனால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "உள்ள போனா டிக்கெட் கேப்பாங்க சார்" என்றார்.

கமிட்டி கூடியது. யாராலும் எண்ண முடியாத திரளை மூவர் எண்ணினார்கள். மூவருக்கும் மூன்று விடை வந்தது. வேதத்தை நிரூபித்துவிட்டதை அவர்கள் உணரவில்லை. ஞானஸ்நானம் பெறாதவர்கள் மதிலுக்கு வெளியே இருக்க வேண்டும் என்று முடிவானது. ஞானப்பிரகாசம் கெட்டவர் அல்லர். அழிக்கச் சொல்லாமல் தள்ளி வைக்கச் சொன்னதையே சலுகையாக நினைத்தார். விதியைப் பார்த்து நடப்பவர். நம்மில் பலர் அப்படித்தான் ஓய்வுபெற்றோம்.

அன்று திரும்பும் பேருந்தில், கொண்டை ஊசி வளைவுகள் முடிந்ததும் டீச்சர் சன்னலைப் பார்த்தபடி சொன்னார்:

"அவரு வெளிய நிக்கிறது எனக்குப் புதுசு இல்ல சார். நான் உள்ள பாடிக்கினு இருப்பேன், அவரு வெளிய பேப்பர் படிச்சிக்கினு இருப்பாரு. முடிஞ்சி வந்தா நிப்பாருன்னு தெரியும். ஆனா அங்க ராத்திரி பகல் ஆராதனை ஓயறதே இல்லைன்னு எழுதிக்கீது. அப்ப நான் எப்ப வெளிய வர்றது?"

 

அடுத்த வாரம் அவர் கூட்டம் முழுவதன்மேலும் வெள்ளை அடித்தார். பின்பு ஒவ்வொரு முகத்தையும் மறுபடி வரைந்தார், மதிலுக்கு வெளியே, நகரத்தை நோக்கி வளைந்து ஏறும் சாலையில். ஞானஸ்நானம் பெற்றவர், பெறாதவர் எல்லோரும் அந்தச் சாலையில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். நகரத்துக்குள் பொன் வீதி காலியாகக் கிடந்தது. முதல் முறை வரைந்தபோது அவரை அலைக்கழித்த ஒரு தொல்லையும் இதில் தீர்ந்தது. பரலோக நகரத்துக்குச் சூரியனும் வேண்டாம், சந்திரனும் வேண்டாம் என்றிருப்பதால் உள்ளே நிழல் போட வழியில்லை. நிழல் இல்லாத மனிதர்கள் காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல இருந்தார்கள். "வெளியன்னா நிழல் போட்டுக்கலாம் சார். நிழல் விழுந்தாதான் மனுசன் தரையில நிப்பான்" என்றார். போட்டார். அத்தனை பேரும் தரைக்கு வந்தார்கள். சின்னப்பொண்ணின் மகளுக்கு ஒரு சிறிய நிழல் இருந்தது.

செயலாளர் வந்து பார்த்தார். சாலையில் அவருடைய அப்பாவும் இருந்தார்.

"எங்கப்பா சபை மூப்பருங்க டீச்சர். அவரயும் ரோட்ல நிக்க வெச்சிட்டீங்களே."

"நிக்கல சார், போய்க்கினு கீறாரு. கதவு சாத்தறதே இல்லைன்னு எழுதிக்கீது, வேணும்னா பாருங்க."

ஞானப்பிரகாசம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேதாகமத்தை எடுத்துப் பார்த்தார். அப்படித்தான் எழுதியிருந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அப்பாவின் செருப்பு வார் அறுந்திருப்பதாக மட்டும் குறை சொன்னார். டீச்சர் அதைத் தைத்துக் கொடுத்தார்.

வரிசையின் கடைசியில் ஏழுமலை. அவரை ஏன் கடைசியில் வைத்தீர்கள் என்று நான்தான் கேட்டேன். "எல்லாரும் ஏறினப்புறம்தான சார் கண்டக்டர் ஏறுவாரு" என்றார் டீச்சர். அந்த வேலை முழுவதிலும் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். துக்கம் கேட்கப் போகும் வீடுகளில், எப்படி ஆச்சு, எந்த ஆஸ்பத்திரி என்று விசாரிப்பதை விட்டுவிட்டேன். சிரித்தால் முகம் எப்படி ஆகும் என்று கேட்கிறேன். முதலில் விநோதமாகப் பார்க்கிறார்கள். பிறகு சொல்கிறார்கள். டீச்சரின் தம்பி மகளிடமும் கேட்டேன். "வாய மூடிக்கினு தோள் மட்டும் குலுங்கும் சார்" என்றாள். எனக்கும் அப்படித்தான் நினைவிருந்தது.

டீச்சரை ஊர்க் கிறித்தவக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். ஏழுமலையை எரித்த சுடுகாடு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது.