நாற்பது பூச்சுக்கு அடியில்

செம்மநத்தத்தில் சின்னன் என்ற பெயரில் ஏழு பேர் இருக்கிறார்கள். ராஜ்தூத் சின்னன் ஒருவர்தான். நாற்பது வருஷத்துக்கு முன்னால் மிளகு நன்றாகக் காய்த்த ஒரு தையில், சேலத்துக்குப் போய் வாங்கி வந்த மோட்டார் சைக்கிள் அந்த ராஜ்தூத். மாற்றச் சொன்னவர்கள் வாய் வலித்ததுதான் மிச்சம். ஞாயிறு காலையில் ஏற்காட்டில் ஜாபெஸின் ஒர்க்‌ஷாப் வாசலில் பழைய வண்டிக்காரர்கள் நாலைந்து பேர் கூடுவார்கள். அவரவர் வண்டியை அவரவர் பீற்றிக்கொள்வதுதான் அங்கே வேலை. சின்னன் வாயைத் திறக்க மாட்டார். ஒரே உதையில் வண்டியைக் கிளப்பிக் காட்டிவிட்டு டீயைக் குடிப்பார். அவ்வளவு திமிர்.

மலையில் மூடுபனிக்கும் மழைக்கும் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். அதனால் ஒவ்வொரு வருஷமும் ஆயுத பூஜைக்கு முதல் நாள், உப்புத்தாளால் வண்டி முழுவதையும் தேய்த்துத் தன் கையாலேயே பெயின்ட் அடிப்பார். வேறொருவரைத் தொட விட்டதில்லை. இந்தப் பாசம்தான் அவரைக் கவிழ்க்கப் பார்த்தது.

ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். முன்பெல்லாம் இன்ஜின் நம்பரோடு வேலை முடிந்துவிடும். இந்தத் தடவை சேஸிஸ் நம்பரையும் போட்டோ எடுக்க வேண்டும் என்றார் சேலம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் இன்ஸ்பெக்டர். அது ஹேண்டில்பாருக்குக் கீழே, வண்டியின் கழுத்துக் குழாயில் வெட்டியிருக்கும். அவரும் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார், தடவிப் பார்த்தார். வழுவழுவென்று பெயின்ட்தான் இருந்தது.

“ஏனுங்க பெரியவரே, நம்பர் எங்கீங்க?”

“அடியில இருக்குமுங்க.”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேனுங்க. நம்பர் தெரியலைன்னா என்னால கையெழுத்துப் போட முடியாதுங்க. வண்டி ரோட்டுக்கு வரக்கூடாது.”

அவர் தன்மையாகத்தான் சொன்னார். சின்னனுக்குத்தான் காது அடைத்துப்போனது. அடிவாரம் தாண்டி வளைவுகளில் ஏறும்போது ஒரே ஒரு நினைப்புதான் அவரை அரித்தது. வெட்டிய எண் எவ்வளவு ஆழம் இருந்துவிடப்போகிறது? நகத்தில் தட்டுப்படுகிற அளவுதான். அதன்மேல் நாற்பது வருஷம் உப்புத்தாள் போட்டிருக்கிறோம். துருவைத் தேய்க்கிறேன் என்று வண்டியின் பெயரையே தேய்த்து எடுத்துவிட்டோமோ?

வீட்டுக்குப் போகாமல் நேராக ஜாபெஸிடம் போய் நின்றார். ஜாபெஸ் கேலி பேசத்தான் வாயெடுத்தான். அவர் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டான்.

“சுரண்ட வேண்டாமுங்கண்ணா. சுரண்டுனா இருக்கிறதும் போயிரும். மருந்து தடவி, துணியில ஒத்தி எடுக்கலாம்.”

பெயின்ட் கரைக்கும் மருந்தைத் தடவிவிட்டு இருவரும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள். மேலே இருந்த கறுப்பு முதலில் குழைந்து வந்தது. அதற்கடியில் மெரூன், மகள் கௌரி கல்யாணத்துக்கு ஜன்னல்களுக்கு வாங்கியதில் மிஞ்சியது. அதற்கும் கீழே ஒரு கண்றாவிப் பச்சை. காப்பிச் செடியெல்லாம் தண்டுத் துளைப்பான் பூச்சியால் பட்டுப்போய், வேறு டப்பா வாங்க மனசில்லாமல் ரேஷன் கடைக் கதவுக்கு அடித்த பெயின்ட்டில் கொஞ்சம் கேட்டு வாங்கி வந்த வருஷம் அது. அப்போது ஜாபெஸ் அந்த வண்டிக்குத் தவளை என்று பெயர் வைக்க, இவர் அவனோடு மூன்று மாதம் பேசவில்லை. துணியில் பச்சையைப் பார்த்ததும் இருவருக்கும் சிரிப்பு வந்தது. அது நெடுநேரம் நிற்கவில்லை.

குழாயின் இடது பக்கம் இரும்பு தெரிந்துவிட்டது. சீவி வைத்தது போல் மொழுமொழுவென்று இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. சின்னன் எழுந்து வெளியே போய்ச் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த வண்டி இல்லாவிட்டால் ஊரில் அவர் ஏழு சின்னன்களில் ஒருவர், அவ்வளவுதான். வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அழுகை வந்தது.

“அண்ணா, இங்க வாங்க. வலது பக்கம் ஏன் இப்படிப் புடைச்சுக் கெடக்குது? இங்க மட்டும் தேய்க்கலீங்களா?”

அவர் வந்து பார்த்தார். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தடிப்பு. மருந்து பட்டதும் பெயின்ட் ஓர் ஏடாக உரிந்தது, உள்ளே சிவப்பு. மறுபடி பெயின்ட், மறுபடி சிவப்பு.

“அது காளியாயி வெக்கிற பொட்டு. ஆயுத பூசையன்னிக்கு நான் ஹெட்லைட்டுல வெச்சா, அவ மழை படாத எடம்னு அங்க வெப்பா. ஊட்டுக்காரி வெச்ச பொட்டை உப்புத்தாள் போட்டு அழிக்க முடியுமா? அப்பிடியே மேல பிரஷ்ஷ ஓட்டிருவேன்.”

ஜாபெஸ் துணியை ஒத்தி ஒத்தி எடுத்தான். கடைசி ஏடு வந்தபோது குங்குமம் அடைத்திருந்த பள்ளங்களில் ஒரு மூன்று தெரிந்தது. அதன் பக்கத்தில் ஏழு. பிறகு மொத்த நம்பரும். சின்னன் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பிடித்தார். ஜாபெஸ் ஒவ்வொரு எண்ணாக வாசித்தான். எல்லாம் ஒத்துப்போனது. சின்னன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போலிருந்தது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் ஒரே போட்டோவில் வேலையை முடித்தார். “இனி அந்த எடத்துல கிரீஸ் மட்டும் தடவுங்க” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இருபது வளைவும் எப்படி ஏறினோம் என்று சின்னனுக்கே தெரியாது.

வீட்டு வாசலில் காளியாயி மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வண்டியைக் கண்டால் அவளுக்கு ஆகாது. எங்கே போனாலும் பஸ்ஸில்தான் போவாள். அவர் நடந்ததை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார்.

“உன்ற பொட்டு மட்டும் இல்லீன்னா வண்டி போயிருக்கும் புள்ள. வண்டி மேல உனக்கும் நொம்பப் பாசந்தான், வெளிய காட்டிக்கல.”

அவள் மிளகைக் கிளறுவதை நிறுத்தவில்லை.

“வண்டிக்கு ஆரு வெச்சா? கண்ணாலமான வருஷம் ஒம்பதாம் வளைவுல உளுந்து, ரெண்டு மாசம் படுக்கையில கெடந்தீங்களே. அதுக்கப்பறம் வெக்க ஆரம்பிச்சேன். நீங்க முளுசா ஊடு வந்து சேரோணும்னு வெச்சேனுங்க.”

சின்னன் குத்துக்காலிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மிளகில் கிடந்த காம்புகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.