மார்ட்டின் மன்னலியின் நூறு வயது

தங்கள் முன்னோரைக் கண்டுபிடித்துத் தரச்சொல்லி, அயர்லாந்தில் எங்கள் மேயோவுக்கு டெலியா பாடனைத் தேடி வரும் அமெரிக்கர்கள் யாருக்கும் சாதாரணத் தாத்தா போதாது. ராஜாவோ, குறைந்தபட்சம் தூக்கில் தொங்கிய புரட்சிக்காரரோ வேண்டும். டெலியா அவர்களுக்கு டீ ஊற்றி, சோடா ரொட்டி வெட்டிக் கொடுத்து, தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவுகளைப் புரட்டி, கடைசியில் ஒரு கோழித் திருடனைக் கண்டுபிடித்துத் தருவாள். ஸ்காட்லாந்துப் படைத்தலைவன் வம்சம் என்று கட்டம்போட்ட பாவாடையோடு வந்து நின்றார் ஒருவர். அவருக்குக் கிடைத்தவரோ, ஸ்காட்லாந்துக்கு உருளைக்கிழங்கு தோண்டக் கூலிக்குப் போன, பக்கத்து அச்சில் என்னும் தீவுக்காரர். பாவம், அந்தப் பாவாடைக்கு வாடகை வேறு.

"எழுத்துல இருந்தா இருக்கு, இல்லேன்னா இல்ல" என்பதுதான் டெலியாவின் வேதம். என் மதுக்கடையில் உட்கார்ந்து அதை அவள் சொல்லாத வாரம் இல்லை.

ஊரில் அவள் உதவி தேவைப்படாத ஒரே ஆள் ஆஸ்டின் மன்னலி. அவருடைய வம்சப் பெருமை கல்லிலேயே இருந்தது. "மார்ட்டின் மன்னலி, வயது 100" என்ற தாத்தாவின் கல்லறைக்குப் பக்கத்தில், ஞாயிறு பூசை முடிந்ததும் போய் நின்றுகொள்வார். ஏதோ தாத்தாவை அவரே வளர்த்து ஆளாக்கியது போல.

அவருக்கு இதயத்தில் வால்வு கெட்டுவிட்டது, கால்வே நகரத்து ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்றார்கள். ஆஸ்டின் மறுத்துவிட்டார். மன்னலி ஆண்கள் நூறுக்குக் குறைந்து போவதில்லையாம். தனக்கு எழுபத்தெட்டுதான், அவர்கள் வீட்டுக் கணக்கில் நடுவயதாம். அவருடைய அப்பா ஐம்பதில் போனாரே என்று டாக்டர் கேட்டதற்கு, டிராக்டர் ஏறிச் செத்ததெல்லாம் கணக்கில் சேராது என்றாராம்.

இதைச் சொல்லும்போதே அவருக்கு மூச்சு வாங்கியது. மாடிப்படி ஏற முடியாமல் நாற்காலியிலேயே தூங்கினார். மகள் உனா பொறுக்க முடியாமல் டெலியாவிடம் வந்தாள்.

"அந்தக் கல்லு பொய்யான்னு பாத்துச் சொல்லுங்க டெலியாக்கா. இல்லேன்னா அப்பா சீக்கிரமே அதுக்குப் பக்கத்துல போய்ப் படுத்துக்குவாரு."

கல் பொய்யாக இருக்கும் என்று ஊரில் எல்லாருக்கும் ஒரு சந்தேகம் உண்டு. வாய் திறந்தால் அவரவர் வீட்டுக் கல்லும் ஆட ஆரம்பிக்கும் என்பதால் யாரும் பேசுவதில்லை. 1909இல், அப்போது எங்களை ஆண்ட லண்டன் அரசாங்கம் எழுபது வயதானவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் பென்சன் கொடுக்க ஆரம்பித்தது. எங்கள் ஆட்களிடம் பிறப்புச் சான்று ஏது? அதனால் அதிகாரிகள், எழுபது வருடங்களுக்கு முன் கூரைகளைப் பிய்த்தெறிந்த பெருங்காற்று இரவு நினைவிருக்கிறதா என்று கேட்டார்கள். மேயோவில் எல்லாருக்கும் நினைவிருந்தது. அப்போது பிறந்தே இராதவர்களுக்கு இன்னும் தெளிவாக நினைவிருந்தது. ஊரே ஒரே வருடத்தில் கிழடு தட்டிப்போனது. என் கொள்ளுத்தாத்தா தடியூன்றிப் போய் மனு கொடுத்துவிட்டு, அதே சாயங்காலம் ஒரு கல்யாணத்தில் ஆடினாராம். அப்படிச் சொன்ன வயதைச் சாகும்வரை சுமக்க வேண்டும். அடக்கத்துக்குப் பென்சன் அதிகாரியும் வருவார் என்பதால் கல்லிலும் அதையே செதுக்க வேண்டும்.

டெலியா தேடினாள். மார்ட்டினுக்கு ஞானஸ்நானம் நடந்ததே பெருங்காற்றுக்குப் பதினேழு வருடம் கழித்துத்தான். பென்சன் வாங்க ஆரம்பித்தபோது மனிதருக்கு ஐம்பத்து மூன்று. இறந்தது எழுபத்தொன்பதில்.

அதோடு விட்டிருந்தால் டெலியாவுக்கு நிம்மதி. மார்ட்டினின் மனுவுக்குச் சாட்சி யார் என்றும் பார்த்தாள். அவளுடைய சொந்தக் கொள்ளுப்பாட்டி ஹொனோரா பாடன். அந்தக் காற்றில் நாலு வயது மார்ட்டினைச் சால்வைக்குள் தூக்கிவைத்து, கையில் ஒரு உருளைக்கிழங்கைக் கொடுத்துச் சமாதானப்படுத்தினேன் என்று பைபிள்மேல் கைவைத்துச் சொல்லியிருக்கிறாள் புண்ணியவதி. அவள் மார்ட்டினைவிட இரண்டு வயது சின்னவள். அடுத்த வாரமே அவள் மனுவுக்கு மார்ட்டின் சாட்சி.

எழுத்தை மட்டுமே நம்பிய டெலியா, அன்று என் கடைக்கு வந்து வழக்கமில்லாமல் விஸ்கி கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். பாட்டியின் பெயரை மறைத்துவிட்டுச் சொல்லேன் என்றேன். பாதி எழுத்தைக் காட்டுவதும் பொய்தான் என்று சொல்லிவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ஆஸ்டின் வீட்டுக்குப் போனாள்.

அவர் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டெலியா எதையும் மறைக்கவில்லை. முதலில் அவருக்குக் கோபத்தில் காது சிவந்தது. ஹொனோராவின் சால்வை வந்ததும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். ஐம்பத்து மூன்று வயதில் ஆங்கிலேயனிடமே பென்சன் வாங்கிய தாத்தா, நூறு வயது தாத்தாவைவிட ஒரு படி மேல் என்று தோன்றியிருக்க வேண்டும். சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சிரைப்பாகி, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். உனா ஓடிவந்து முதுகைத் தடவினாள்.

மூச்சு திரும்பியதும் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப அவரு போனது எழுபத்தொம்பதுலயா?"

"ஆமா."

ஈஸ்டர் வந்தால் அவருக்கும் எழுபத்தொன்பது.

"எனக்குப் பயமா இருக்கு, டெலியா."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நாங்கள் யாரும் கேட்டதில்லை. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. டெலியா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க பாட்டி உங்க தாத்தாவுக்கு இருபத்தோரு வயசு கூட்டிக் குடுத்தா. என்னால ஒரு நாள்கூடக் கூட்ட முடியாது, ஆஸ்டின். கால்வேக்குக் கிளம்புங்க."

கிளம்பினார். கல்லை மாற்றலாமா என்று பாதிரியார் பிறகு கேட்டபோது வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். பென்சன் ஆபீஸ்காரர்களை நம்ப முடியாதாம்.

போன ஈஸ்டருக்கு அடுத்த நாள் ஆஸ்டின் என் கடைக்கு நடந்தே வந்தார். எண்பது முடிந்திருந்தது. தாத்தாவைத் தாண்டிவிட்டதாகக் கடை முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். நாங்கள் எல்லாரும் டெலியாவைப் பார்த்தோம்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுத்துல இருக்கு" என்றாள்.