ஹெல்மெட் மறைத்த காதுகள்

கல்யாணமான புதிதில் நானும் கணவரும் ஸ்கூட்டரில் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போவோம். அப்போதெல்லாம் அவர் ஹெல்மெட் போட்டதில்லை. கோபம் வந்தால் அவருடைய காதுகள் மிளகாய்ப் பழமாய்ச் சிவந்துவிடும். பின்னால் இருக்கும் நான் அதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, காதைத் தொட்டு, "இன்னாங்க, அடுப்பு மாதிரி சுடுது!" என்பேன். சிரித்துவிடுவார்.

இப்போது காதை ஹெல்மெட் மறைத்துவிடுகிறது. போன மாதம் கடப்பாக்கத்தில் என் அம்மா வீட்டிலிருந்து திரும்பும்போது, என் தம்பியிடம் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று வழியெல்லாம் குறை சொல்லிக்கொண்டே வந்தேன். திடீரென்று வண்டி சீறியது. வளைவில் கிடந்த மணலில் சறுக்கி இருவரும் விழுந்தோம். ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பியது, முழங்கையில் சிராய்ப்புதான்.

ஹெல்மெட்டைக் கழற்றினார். அதே சிவந்த காதுகள். "நீ பேசிகினே வந்தியா, நெஞ்சு படபடன்னு அடிச்சுகினு கை தானா ஆக்ஸிலேட்டரை முறுக்கிடுச்சு" என்றார்.

இப்போதெல்லாம் அவர் தோளில் கை வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன். தோள் கல்லாய் இறுகினால், "டீக்கடையாண்ட நிறுத்துங்க" என்பேன். ஹெல்மெட்டைக் கழற்றியதும் காதைத் தொட்டுப் பார்ப்பேன். அந்தப் பழைய சூடு அப்படியே இருக்கிறது. அது ஆறிய பிறகுதான் மீதிக் குறையை ஆரம்பிப்பேன்.

– ஒரு வாசகி, திருப்போரூர்