நான் மாட்டிய கைப்பிடி

கிள்ளான் பக்கம் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் நான் பாதுகாப்பு அதிகாரி. எது வழுக்கும், எது விழும், எது யாருடைய விரலை நசுக்கும் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன். அங்கே கழிவறைக் கதவுகளில் இருந்த உருண்டைக் கைப்பிடிகளைக் கழற்றிவிட்டு, கீழே அழுத்தினால் திறக்கும் நீட்டுக் கைப்பிடிகளைப் போட வைத்தது நான்தான். நிர்வாகம் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. கையைக் கழுவிவிட்டு எல்லோரும் தொட்ட உருண்டையைப் பிடித்துத் திருப்பினால் கழுவியதற்கு என்ன அர்த்தம், நீட்டுக் கைப்பிடியை முழங்கையாலேயே திறக்கலாம், ஈரக் கை வழுக்காது, தீப்பிடித்தால் இருட்டில் திருகிக்கொண்டு நிற்க வேண்டாம் என்று படம் போட்டுக் காட்டி நீண்ட நேரம் பேசினேன். கூட்டம் முடிந்ததும் மேலாளர், இனிமேல் கதவைத் தொடவே பயமாக இருக்கும் என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் குளியலறையில் அப்போதும் பழைய உருண்டைக் கைப்பிடிதான் இருந்தது. அது என் கண்ணில் படவே இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்போடு சேர்த்து அறிவையும் வாசலில் கழற்றிவிடுவேன் போலிருக்கிறது.

போன வருடம் என் மாமியாருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. கிள்ளானில் மாடி வீட்டில் தனியாக இருப்பவர். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் உண்டு என்பதால் மூன்று மாதம் எங்களோடு வந்து இருந்தார். ஒரு பள்ளிக்கூடத்து கேன்டீனைப் பல வருடங்கள் நடத்தியவர். அதிகம் பேசமாட்டார், எதையும் கேட்கமாட்டார்.

வந்த முதல் வாரத்திலேயே எனக்கு ஒரு குறை தெரிந்தது. குளியலறைக்குப் போனால் கதவைச் சாத்தமாட்டார். ஒரு சாண் திறந்தே கிடக்கும். என் கணவர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இருமிக்கொண்டே போவார். நேரில் சொல்ல எனக்குக் கூச்சம். ஆகவே தொழிற்சாலையில் செய்வதையே வீட்டிலும் செய்தேன். ‘கதவைச் சாத்தவும்’ என்று பெரிய எழுத்தில் அச்சடித்து, மூடிய கதவின் படத்தையும் கீழே போட்டு, பிளாஸ்டிக் உறை இட்டு ஒட்டினேன். வீட்டில் இருந்ததே நாங்கள் மூன்று பேர். அறிவிப்பு யாருக்கு என்பதில் குழப்பம் வர வாய்ப்பே இல்லை. மாமியார் அதன் முன் நின்று நிதானமாகப் படித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவர் வெளியே போயிருந்தார். காய்கறி வாங்கப் பாசாருக்குப் போய்விட்டு நான் திரும்பியபோது வீட்டில் அவரைக் காணவில்லை. ஊன்றுகோல் குளியலறைக்கு வெளியே சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கதவைத் திறந்தேன். கழிவறை மூடியின் மேல் மடியில் கையை வைத்துக்கொண்டு, கிளினிக்கில் முறைக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக என்று கேட்டதற்கு, நான் கிளம்பிய கொஞ்ச நேரத்திலிருந்து என்றார்.

“பூட்டிக்கிட்டீங்களா அத்தை?”

“பூட்டலம்மா. சாத்த முடியுது. திருப்பத்தான் முடியல.”

கையை நீட்டிக் காட்டினார். விரல் கணுக்கள் வீங்கி, விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. வாதம், பல வருடமாக இருக்கிறதாம். தினமும் அந்தக் கையிலிருந்துதான் காப்பி டம்ளரை வாங்கிக் குடித்திருக்கிறேன். தொழிற்சாலையில் யாராவது விரலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தால்கூட நிறுத்தி வைத்து விசாரிப்பவள் நான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அதான் எழுதிப் போட்டிருந்தாயே, முயற்சி பண்ணிப் பார்த்தேன் என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அறிவிப்பைக் கிழித்தேன். பசை நன்றாகப் பிடித்திருந்ததால் ‘சாத்தவும்’ மட்டும் வர மறுத்தது. நகத்தால் சுரண்டி எடுத்தேன். உடனே ஹார்ட்வேர் கடைக்குப் போய் நீட்டுக் கைப்பிடி ஒன்று வாங்கினேன். மாட்டிக்கொடுக்க ஆள் அனுப்பவா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். செய்த தப்புக்கு என் கையாலேயே பரிகாரம் தேட வேண்டும் என்று ஒரு வேகம். கணவர் டார்ச் பிடித்தார். பாதி வேலையில், பூட்டும் பட்டன் இந்தப் பக்கம்தான் வருமா என்று சந்தேகம் கேட்டார். தொழிற்சாலையில் எத்தனை மாட்டியிருக்கிறேன் தெரியுமா என்று அவரை அடக்கினேன். உண்மையில் அங்கே மாட்டியவர்கள் வேறு ஆட்கள். நான் வேலை முடிந்ததாகப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை குளிக்கப் போனபோதுதான் பூட்டும் பட்டன் கதவுக்கு வெளிப்பக்கம் இருப்பதைக் கவனித்தேன். உள்பக்கம் வெறும் ஊசித் துளை ஒன்றுதான் இருந்தது. உள்ளே இருப்பவர் பூட்ட வழியில்லை; வெளியே போகிறவர் யாரும் பூட்டலாம். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று கதவைச் சாத்தினேன். தொழிலாளி ஒருவன் இதைச் சொல்லியிருந்தால் எச்சரிக்கைக் கடிதமே கொடுத்திருப்பேன்.

தலையில் ஷாம்பு நுரையோடு நிற்கும்போது வெளியே டிக் என்று ஒரு சத்தம். மாமியார் அந்த வழியாகப் போனவர், நிலை தடுமாறாமல் இருக்கக் கைப்பிடியைப் பிடித்திருக்கிறார். கட்டைவிரல் பட்டனில் பட்டுவிட்டது. நான் குளித்து முடித்துக் கைப்பிடியை அழுத்தினேன். அசையவில்லை.

கணவர் வேலைக்குப் போயிருந்தார். போன் படுக்கையறையில். கூடத்தில் தொலைக்காட்சியில் பக்திப் பாடல். அத்தை, அத்தை என்று கத்தினேன், முருகனுக்குத்தான் கேட்டிருக்கும். ஊசித் துளைக்குள் ஒரு ஹேர்பின்னை விட்டால் திறந்துவிடும் என்று எனக்குத் தெரியும். போன மாதம்தான் முடியைக் குட்டையாக வெட்டி, வீட்டிலிருந்த பின்களையெல்லாம் தூக்கிப் போட்டிருந்தேன். சீப்பின் பல்லை நுழைத்தேன், உடைந்தது. காது குடையும் குச்சியும் உடைந்தது. ஒன்பது மணிக்குப் புதிய தொழிலாளர்களுக்கு நான் வகுப்பு எடுக்க வேண்டும். தலைப்பு, அவசரகாலத்தில் வெளியேறும் வழிகள். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. துண்டைக் கட்டிக்கொண்டு கழிவறை மூடியின் மேல் உட்கார்ந்தேன்.

அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும். பாட்டு முடிந்து விளம்பரம் வந்த இடைவெளியில் மறுபடி கத்தினேன். ஊன்றுகோல் சத்தம் வந்தது.

“நீயாம்மா? பாட்டோட சேர்ந்து பாடுறேன்னு நெனச்சேன்.”

நான் என் வேலைக் குரலை எடுத்தேன். பதற்றப்பட வேண்டாம், முதலில் கைப்பிடியின் நடுவில் ஒரு பட்டன் இருக்கும், அதைக் கவனியுங்கள், முடியாவிட்டால் மகனுக்குப் போன் போடுங்கள் என்று வரிசையாக ஆரம்பித்தேன். மூன்றாவதைச் சொல்லும் முன்னால் கதவு திறந்தது. மாமியார் முழங்கையைக் கைப்பிடியின் மேல் வைத்து அழுத்தியிருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து அழுத்தினால் பூட்டு தானாகவே விடுபட்டுவிடும். என்னைக் கால் முதல் தலை வரை பார்த்தார்.

“இது நல்லாருக்கும்மா,” என்றார். “விரலே வேணாம்.”

தொழிற்சாலைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனேன். வழியில் ஜாம் என்றேன். அன்றைய வகுப்பில் வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசினேன் என்று மேலாளர் சந்தோஷப்பட்டார்.

சாயங்காலம் ஹார்ட்வேர் கடையிலிருந்து ஓர் அண்ணன் வந்தார். இரண்டு திருகாணிகளைக் கழற்றி, கைப்பிடியை உள்ளுக்கு வெளி மாற்றி மாட்ட அவருக்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, இதை முதலில் மாட்டியது யார் என்று கேட்டார். கணவர் மின்விசிறியைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் சோபாவிலிருந்து மாமியார் முந்திக்கொண்டார்.

“வெளி ஆளு ஒருத்தன் தம்பி. அவசரத்துல மாட்டிட்டுப் போயிட்டான்.”

“அந்த ஆள மறுபடி கூப்பிடாதீங்க லா,” என்றார் அவர் என்னிடம்.

கூப்பிடமாட்டோம் என்றேன். மாமியார் அவருடைய போன் நம்பரை ஒரு தாளில் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டார். கிள்ளான் வீட்டில் நான்கு கதவுகள் இருக்கின்றனவாம். அளவெடுக்க எப்போது வருவீர்கள் என்று அவரிடமே கேட்டார்.