மழைக்குள் வற்றிய பீலி

அந்த வருடம் ஆனி மாதம் பிறந்ததிலிருந்து எங்கள் மலையில் வெயில் விழவில்லை. சுனாமி வந்து இரண்டு மூன்று வருடம் கழிந்திருந்த சமயம். என் பட்டப் படிப்பு இந்த மழையோடு போய்விடப் போகிறது என்று நான் அழுதுகொண்டிருந்தேன். போவதற்கு அதைவிடப் பெரியது எங்களிடம் இருந்தது. அது அப்போது எனக்குத் தெரியவில்லை.

என் பெயர் புவனேஸ்வரி. இலங்கை மலையகத்தில், பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் மேல் லயத்தில் குடியிருந்தோம். கணவர் சிவலிங்கம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். மகள் தர்ஷினி அப்போது மூன்றாம் வகுப்பு. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை. லயத்துக்கு மேலே, தேயிலைச் சரிவின் விளிம்பில், எங்கள் மாரியம்மன் கோயில். தகரக் கூரை போட்ட சின்னக் கோயில்தான். நான் பிள்ளையாக இருந்த நாளிலிருந்து அவளிடம் சொல்லாமல் எதையும் செய்ததில்லை.

வீட்டிலிருந்தே படிக்கும் வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிந்திருந்தேன். பாடங்கள் தபாலில் வரும். புரியாவிட்டால் கேட்க ஆள் கிடையாது. புவியியலில் இரண்டு தடவை தோற்றேன். பட்டம் இருந்தால்தான் நிரந்தர நியமனம். மூன்றாவது தடவையும் தவறினால் பதிவு ரத்தாகிவிடும் என்று அறிவித்திருந்தார்கள்.

டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடை இருந்தது. போன் பேச, போட்டோ கொப்பி எடுக்கப் போகிற இடம். அங்கே ஒரு கம்ப்யூட்டரும் வந்தது. அதில்தான், என்னைப் போலத் தனியாகப் படிக்கிறவர்கள் சேர்ந்து நடத்திய ஒரு மின்னஞ்சல் குழு எனக்குக் கிடைத்தது. எனக்குத் தமிழ் டைப் செய்யத் தெரியாது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிக் கேட்பேன். கண்டியிலிருந்து முனீரா பதில் போடுவாள். அவளும் என்னைப் போலப் பரீட்சைக்குப் படிக்கிறவள். கனடாவிலிருந்து சுகிர்தா அக்கா எழுதுவார். யாழ்ப்பாணத்தில் புவியியல் படிப்பித்துவிட்டுப் புலம்பெயர்ந்தவர். அவர்கள் முகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் மழை, மண், பாறை எல்லாவற்றையும் அவர்கள் எனக்குச் சொல்லித் தந்தார்கள். சனிக்கிழமைதோறும் ஈரக் குடையோடு அந்தக் கடையில் போய் உட்காருவேன். அந்த வாரம் முழுக்க அதற்காகவே காத்திருப்பேன்.

பரீட்சை கண்டியில். அதற்கு முந்தின வாரம் மழை வலுத்தது. சாதாரண மழை இல்லை. தகரத்தில் விழுகிற சத்தத்தில் வீட்டுக்குள் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. நான் கோயிலுக்குப் போய் நின்றேன். "அம்மா, பரீட்சை முடியிற வரைக்கும் இந்த மழைய நிறுத்திடு. மாவிளக்கு போடுறேன்" என்று வேண்டினேன்.

மழை கூடியது.

ஒரு காலையில் எங்கள் வீட்டுக் காம்பராவின் கதவைச் சாத்த முடியவில்லை. மரம் ஊறிவிட்டது என்று கணவர் கீழ்ப்பக்கம் செதுக்கினார். மறுநாள் மறுபடியும் இடித்தது. முன் திண்ணையில், இஸ்தோப்புச் சிமெந்தில், ஒரு கோடு விழுந்திருந்தது. மலை ஊற்றிலிருந்து எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் பீலியில் கலங்கலாக வந்தது. அலுமினியக் குடத்தில் பிடித்து வைத்தால் அடியில் சிவந்த மண் படியும். பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா, "தேயில போடாமலே தேத்தண்ணி வருது பாருங்க டீச்சர்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

பரீட்சைக்கு முதல் நாள் றோட்டில் மண் விழுந்தது. பஸ் இல்லை. ரயிலும் ஓடவில்லை என்றார்கள். பையில் துணியும் புத்தகமும் கட்டி வைத்தபடி நான் உட்கார்ந்திருந்தேன். பரீட்சை நாள் விடிந்தது, இருட்டியது. அவ்வளவுதான். நான் சாப்பிடவில்லை. கோயில் பக்கம் திரும்பிப் பார்க்கவும் மனம் வரவில்லை. 'உன்னிடம் பொன்னா கேட்டேன்? ஒரு வாரம் மழையை நிறுத்து என்று கேட்டேன். அதுகூட உன்னால் முடியாதா?' இந்த ஒரு நினைப்புதான் உள்ளே ஓடியது.

மறுநாள் காலை பீலிக்குப் போனேன். தண்ணீர் வரவில்லை. வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது, பீலி காய்ந்து கிடக்கிறது. வாளியோடு வந்த பெண்கள் பீலியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்று செல்வி அக்கா சிரிக்கவில்லை. காற்றே இல்லாமல், மேலே சரிவில் நின்ற டர்பன்டைன் மரங்கள் லயத்தின் பக்கம் சாய்ந்து நின்றன.

எனக்கு ஏதோ செய்தது. ஆனால் என்னவென்று தெரியவில்லை. பரீட்சை போன துக்கத்தையாவது யாரிடமாவது சொல்லி அழ வேண்டும் போல் இருந்தது. குறுக்குப் பாதையில் நடந்தே டவுனுக்கு இறங்கினேன். கடையில் கரண்ட் இருந்தது. குழுவுக்கு எழுதினேன். "எல்லாம் முடிந்தது. பரீட்சைக்குப் போக முடியவில்லை. கடவுளும் கைவிட்டுவிட்டார். கதவைக்கூடச் சாத்த முடியவில்லை. மழைக்குள் பீலியும் வற்றிவிட்டது." புலம்பலாகத்தான் எழுதினேன். எழுந்து குடையை எடுத்தேன்.

கடைக்காரர் கூப்பிட்டார். "தங்கச்சி, உங்களுக்கு என்னமோ வந்திருக்கு."

சுகிர்தா அக்கா. வார நாட்களில் அவர் குழுவுக்கு வருவதே இல்லை. கனடாவில் அப்போது நடுச்சாமம். அன்றைக்குத் தூக்கம் வராமல் எழும்பிக் கம்ப்யூட்டரைத் திறந்ததாகப் பிறகு சொன்னார்.

"புவனா, கதவு எந்தப் பக்கம் இறுகுது? நிலத்தில வெடிப்பு இருக்கோ? மரங்கள் சரிஞ்சு நிக்குதோ?" என்று கேட்டிருந்தார்.

எழுதினேன். உடனே பதில் வந்தது.

"பரீட்சையை மறவுங்கோ. மலை அசையுது. தண்ணி உள்ளுக்க நிண்டு மண்ணைத் தள்ளுது. உடன வெளிக்கிடுங்கோ. லயத்தில இருக்கிற எல்லாரையும் கூட்டிக்கொண்டு போங்கோ. சாமான் எடுக்க நிக்காதேங்கோ."

முனீராவும் அதைப் பார்த்திருக்கிறாள். கண்டியில் இருந்த அதிகாரிகளுக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னாள். பாதை அடைத்திருப்பதால் ஆள் அனுப்ப முடியாது, சனங்களை உடனே இடம் மாறச் சொல்லுங்கள் என்று அவர்கள் சொன்னதை எனக்கு எழுதினாள். படித்த பாடம்தான். மண்சரிவுக்கான அறிகுறிகள் என்று எழுதி நானே மனப்பாடம் செய்திருந்தேன். என் வாசலில் வந்து நின்றபோது அது பாடம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மூச்சு வாங்க மலை ஏறினேன். கணவர் வேலை முடிந்து வந்திருந்தார். சொன்னேன்.

"என்னா புவனா, கனடாவுல இருக்கிறவங்களுக்கு நம்ம லயம் எப்புடித் தெரியும்?" என்றார்.

"வந்து பாருங்க" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனேன். காலையில் கோடாக இருந்த வெடிப்பில் அவர் செருப்பின் முனை இறங்கியது. அந்த வெடிப்பு வீட்டைத் தாண்டி, செடிகளுக்குள் நுழைந்து, கோயில் பக்கமாகப் போயிருந்தது. அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"புள்ளைக்கு சுவெட்டரப் போடு" என்றார்.

அவர் கண்டாக்கையாவிடம் ஓடினார். கண்டாக்கு என்றால் எங்கள் மலையில் வேலையை மேற்பார்வை செய்கிறவர். "மழைக்குப் பயந்து ஓடுனா நாளைக்குக் காலையில பெரட்டுக்குப் பேரு குடுக்க யாரு வர்றது? சும்மா சனத்தக் கெளப்பாதீங்க" என்று அவர் திட்டி அனுப்பினார். லயத்துச் சனமும் அசையவில்லை. சட்டி பானையை விட்டுவிட்டு எங்கே போவது? தோட்டத் தலைவர் வேலாயுதம் அண்ணன் நல்ல மனிதர். ஆனாலும் தயங்கினார்.

"டீச்சரம்மா, நீங்க படிச்சவங்க. இல்லன்னு சொல்லல. ஆனா இத்தன குடும்பத்த நான் எத நம்பிக் கெளப்புறது? ஆத்தாகிட்டக் கேப்போம். பூக்கட்டிப் பார்ப்போம்."

பூக்கட்டிப் பார்ப்பது இப்படித்தான். ஒரு இலையில் வெள்ளைப் பூ, ஒரு இலையில் சிவப்புப் பூ. வெள்ளை வந்தால் போவது, சிவப்பு வந்தால் இருப்பது. சிவப்பு வந்துவிட்டால்? அப்புறம் யார் என் பேச்சைக் கேட்பார்கள்? வேண்டாம் என்று கத்த நினைத்தேன். ஆனால் எல்லாரும் ஏற்கெனவே கோயிலை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்கள்.

பூசாரி மாடசாமி ஐயா உள்பக்கம் திரும்பி நின்று, வெள்ளை நந்தியாவட்டையையும் சிவப்புச் செவ்வரத்தையையும் தனித்தனியே இலையில் சுற்றி, நூல் கட்டி, அம்மன் காலடியில் உருட்டிவிட்டார். மழை தகரத்தில் அடித்தது. காலுக்குக் கீழே நிலம் மெத்தை போல அமுங்கியது. நான் கண்ணை மூடினேன். பட்டம் வேண்டாம் அம்மா. வேலை வேண்டாம். நேற்று உன்னை ஏசினேன், அதை என் தலையில் வை. இந்தப் பிள்ளைகளை மட்டும் இங்கிருந்து அனுப்பு. இதைத் தவிர வேறு எதையும் நான் கேட்கவில்லை. என் வாழ்நாளில் அப்படி வேண்டியது அந்த ஒரு தடவைதான்.

செல்வி அக்காவின் கடைசிப் பிள்ளை ஒரு பொட்டலத்தை எடுத்தது. பூசாரி நூலை அவிழ்த்தார்.

வெள்ளை.

அதற்குப் பிறகு யாரும் தயங்கவில்லை. பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், எதிர் மலையில். சாவி என்னிடம் இருந்தது. வெளிச்சம் இருக்கும்போதே நடந்தோம். கோழியை மடியில் வைத்தவர்கள், டீவியைத் தலையில் தூக்கியவர்கள், காய்ச்சல்காரரை முதுகில் சுமந்தவர்கள். பூசாரி ஐயாதான் கடைசி. அம்மன் சிலையைப் பெயர்க்க முடியாது. விளக்கை ஏற்றிவைத்துவிட்டு, கதவைச் சாத்தாமல் வந்தார்.

விடிந்ததும் பள்ளிக்கூட வாசலில் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தோம். முதலில் ஒரு சத்தம். பெரிய லொறி ஒன்று மலைக்குள்ளேயே ஓடுவது போல. பிறகு எதிர்ச் சரிவு அப்படியே நகர்ந்தது. மரங்கள் நின்றபடியே நகர்ந்தன. முதலில் கோயில். அப்புறம் எங்கள் லயம். பிறகு அங்கே சிவந்த மண்ணைத் தவிர எதுவும் இல்லை. செல்வி அக்கா தன் பிள்ளையின் தலையை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஆம்பிளைகள் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

எங்களில் ஒருவரும் சாகவில்லை. ஒரு கைக்குழந்தைகூட.

"அவ வீடே போயிருச்சே ஐயா" என்று நான் பூசாரி ஐயாவிடம் விம்மினேன்.

"அவ வீட்டக் குடுத்துத்தான் நம்மள அனுப்பி வச்சிருக்கா, தாயி" என்றார்.

சிலர் பின்னால், இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைதானே கட்டினீர்கள் என்று அவரைக் கேட்டார்கள். "கட்டுனது நானு. எடுத்துக் குடுத்தது அவ. வேற என்னா சொல்ல?" என்பார். நான் கேட்டதில்லை. எனக்குக் கேட்கத் தேவையில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே மழையில் அடுத்த மலையில் ஒரு குடும்பமே மண்ணுக்குள் போனது. அந்த வீட்டிலும் விளக்கு ஏற்றியிருப்பார்கள். ஏன் நாங்கள், ஏன் அவர்கள் இல்லை? எனக்குத் தெரியாது. தெரிந்தது போல உங்கள் முன்னால் பேசவும் மாட்டேன். இன்றைக்கும் மழை பலத்தால் அந்த நினைப்பில் தூக்கம் போய்விடும்.

மாதக்கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே இருந்தோம். புத்தகம், குறிப்பு, உடுப்பு எல்லாம் மண்ணுக்குள். படிப்பைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பட்டம் வேண்டாம் என்று அவளிடமே சொல்லிவிட்டேன் அல்லவா?

ஆனால் நான் விட்டதை அவர்கள் விடவில்லை. முனீரா நான் கேட்காமலே கண்டியில் பரீட்சைக் காரியாலயத்துக்குப் போய், நடந்ததைச் சொல்லி, கிராம அலுவலரின் உறுதிக் கடிதத்தையும் வாங்கிக் கொடுத்து, எனக்கு இன்னொரு தவணை கேட்டாள். கிடைத்தது. குழுவில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பாடமாகப் பிரித்துத் தங்கள் குறிப்புகளைக் கொப்பி எடுத்து அனுப்பினார்கள். மட்டக்களப்பிலிருந்து ஒரு பார்சல், மன்னாரிலிருந்து ஒரு பார்சல். சோதனைச் சாவடிகள் எல்லாவற்றையும் தாண்டி, அந்த யுத்த காலத்தில், பிரித்துப் பார்த்து மறுபடி கட்டிய அடையாளத்தோடு அவை வந்து சேர்ந்தன. சுகிர்தா அக்கா வாரந்தோறும் கேள்வி அனுப்பினார். "எழுதுங்கோ புவனா. உங்கள விட இந்தப் பாடம் ஆருக்குத் தெரியும்?" என்று ஒரு தடவை எழுதியிருந்தார். கடையில் உட்கார்ந்தே அழுதேன்.

பள்ளிக்கூடத்தில் சனம் தூங்க, சமைக்க, சண்டை போட, ஒரு மூலையில் நான் படித்தேன். செல்வி அக்கா பிள்ளைகளை அதட்டி எனக்கு அமைதி வாங்கித் தருவார். "டீச்சரு நம்ம எல்லாருக்கும் சேத்துத்தான் படிக்கிறாங்க, வாய மூடுங்கடா" என்பார். அடுத்த வருடம் பரீட்சை எழுதினேன். புவியியலில் சிறப்புச் சித்தியோடு தேறினேன். பட்டம் வாங்கக் கண்டிக்குப் போன அன்று, மண்டப வாசலில் பர்தா அணிந்த ஒருத்தி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் முனீராவின் முகத்தை முதன்முதலாகப் பார்த்தேன்.

இன்று நான் நிரந்தர ஆசிரியை. பிள்ளைகளுக்குப் புவியியல்தான் படிப்பிக்கிறேன். மலை பேசுவதைக் கேட்கச் சொல்லிக் கொடுக்கிறேன். எதிர் மலையில், கெட்டித் தரையில், அம்மனுக்குப் புதுக் கோயில் எழும்பிவிட்டது. வைத்த மாவிளக்கு நேர்த்தியை அங்கே தீர்த்தேன். அவள் மழையை நிறுத்தவில்லை, உண்மைதான். பரீட்சைக்கு மட்டும் மழையை நிறுத்தியிருந்தால் நான் கண்டிக்குப் போயிருப்பேன். ஏற்கெனவே ஊறிப்போன மலை எப்படியும் சரிந்திருக்கும். என் புலம்பலும் கனடாவுக்குப் போயிருக்காது. என் பிள்ளை அந்த லயத்தில் தூங்கியிருப்பாள்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் யாருக்கோ இப்போது கதவைச் சாத்த முடியாமல் இருக்கலாம். வேண்டிக்கொண்டது கிடைக்காமல் மனம் கசந்திருக்கலாம். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அவளிடம் சொல்லுங்கள், சண்டை போட்டாவது சொல்லுங்கள். மனிதர்களிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். முகம் தெரியாத ஒருவரின் தூக்கத்தைக் கலைத்தாவது அவள் உங்களுக்குப் பதில் சொல்வாள். அந்தப் பதில் வந்ததும் நிற்காதீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடங்கள்.