அம்மாவே கூப்பிட்டாலும்

அந்த இடம் எனக்கு வாசலிலேயே பிடிக்கவில்லை. எங்கெங்கோ இருந்த பழைய வீடுகளைத் தூண் தூணாகப் பிரித்து லாரியில் கொண்டுவந்து, கடற்கரைச் சாலையை ஒட்டிய மணலில் திரும்பக் கட்டி வைத்திருந்தார்கள். திறந்தவெளி அருங்காட்சியகமாம். அடுப்பு இருந்தது, சாம்பல் இல்லை. தொட்டில் இருந்தது, அதில் துணி இல்லை. வீடென்றால் உள்ளே யாராவது யாரையாவது திட்டிக்கொண்டு இருக்க வேண்டாமா? பசங்களுக்கோ அதுதான் சொர்க்கம். திட்ட ஆளில்லாத இத்தனை வீடுகளை அவர்கள் ஜென்மத்தில் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவிலிருந்து வேன் பேசிக்கொண்டு, புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, மேடவாக்கம் வழியாகப் போனோம். மூன்று வீட்டு அம்மாக்கள், எங்கள் பிள்ளைகள் ஒரு பட்டாளம். அப்பாக்கள் வரவில்லை, டிவியில் கிரிக்கெட் இருந்தது. என் மகளுக்கு ஆறு வயது, கூட்டத்திலேயே சின்னவள். பெரிய பசங்களின் ஆட்டத்தில் அவள் எப்போதும் ஒப்புக்குச் சப்பாணிதான். அவள் பிடித்தாலும் கணக்கில்லை, பிடிபட்டாலும் கணக்கில்லை. அந்த அவமானத்தை ராத்திரி என் மடியில் அழுது தீர்ப்பாள்.

காலையெல்லாம் நன்றாகத்தான் போனது. குயவர் சக்கரத்தில் கை வைத்து ஆளுக்கொரு கோணல் சட்டி செய்தார்கள். ஓலையில் கிளி முடைந்து வாங்கினார்கள். மத்தியானம் சாப்பிட்டு முடிக்கும்போது கடல் பக்கமிருந்து கருமேகம் ஏறிவந்தது. காற்று சுத்தமாக நின்றுவிட்டது. கிளம்பிவிடலாம் என்றேன். யாரும் கேட்கவில்லை. ஐஸ்பாய் ஆடாமல் வரமாட்டோம் என்று பசங்க ஒற்றைக்காலில் நின்றார்கள். அன்றைக்கு என் மகளையும் நிஜ ஆட்டக்காரியாகச் சேர்த்துக்கொண்டார்கள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நானும் வாயை மூடிக்கொண்டேன்.

கண்டுபிடிக்கிற முறை எதிர்வீட்டுப் பெண்ணுக்கு. பன்னிரண்டு வயது, படு சுட்டி. தெருவில் எந்த அம்மாவின் குரலும் அவளுக்கு அத்துப்படி. ஒருமுறை என் குரலில் "ஏங்க, பால் பொங்குது" என்று அவள் கத்த, என் வீட்டுக்காரர் பாதி சவரத்தோடு அடுப்படிக்கு ஓடினார். நாங்கள் எல்லாரும் அவளைப் பேசச் சொல்லிக் கேட்டுச் சிரிப்போம்.

மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து நாங்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தோம். மூடுகிற நேரத்துக்கு விசில் ஊதினார்கள். பசங்க ஒவ்வொருவராக மண்ணும் தூசியுமாக வந்து சேர்ந்தார்கள். என் மகள் வரவில்லை.

முதலில் கோபம்தான் வந்தது. வரட்டும், முதுகில் நாலு வைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே எழுந்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். வீடு வீடாகப் போனேன். உள்ளே எல்லாம் இருட்டிக்கொண்டு வந்தது. கூப்பிட்ட குரல் கூடம் முழுக்கச் சுற்றி என்னிடமே வந்தது. கொஞ்ச நேரத்தில் கோபம் போன இடம் தெரியவில்லை.

வாட்ச்மேன் ஓடிவந்தார். பக்கத்துக் குப்பத்து மனுஷர். "கொளத்தாண்ட பாத்தியாம்மா?" என்றார். அங்கே ஒரு குளம் இருப்பதே அதுவரை என் மண்டையில் உறைக்கவில்லை. காலையில் அதைத்தான் அழகு அழகு என்று சுற்றிவந்திருக்கிறோம். அவர் ஒரு மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். அல்லி இலைகளை விலக்கி விலக்கிக் கழியால் குத்திப் பார்த்தார். ஒவ்வொரு குத்துக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. திரும்பவும் வீடுகளுக்குள் ஓடினேன்.

கேரளத்திலிருந்து வந்த மரவீடு ஒன்று. உள்ளறையில் ஜன்னலே கிடையாது. அங்கே நின்று அவளைக் கூப்பிட்டேன், கெஞ்சினேன். அம்மா அடிக்கமாட்டேன், வாடி கண்ணு, என்றேன். அங்கே கிடந்த பெரிய நெல் பத்தாயத்தில் சாய்ந்துகொண்டு வாய்விட்டு அழுதேன். பிறகு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

அந்த வாசலில்தான் எதிர்வீட்டுப் பெண் என் புடவையைப் பிடித்து நிறுத்தினாள். முகம் வெளுத்திருந்தது.

"ஆன்ட்டி, நீங்க கூப்பிடாதீங்க."

"என் பொண்ணை நான் கூப்பிடாம வேற யாருடி கூப்பிடுவா?"

"நீங்க கூப்பிட்டா வரமாட்டா ஆன்ட்டி. எங்க ரூல்ஸ் அப்படி."

அப்புறம்தான் சொன்னாள். இவள் ஒவ்வொரு ஆட்டத்திலும் அம்மாக்களின் குரலில் கூப்பிட்டு, ஓடி வருகிறவர்களை அவுட்டாக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். அதனால் பசங்க கூடிப் பேசி ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். தேடுகிறவர் தன் சொந்தக் குரலில் 'ஆட்டம் க்ளோஸ்' என்று சொல்லும் வரை, அம்மாவே கூப்பிட்டாலும் மூச்சு விடக்கூடாது. விசிலைக் கேட்டதும் எல்லாரும் தானாக வந்துவிட்டதால் இவள் அன்றைக்கு அதைச் சொல்லவே இல்லை. பெரிய பசங்களுக்கு விசில் போதும். ஆறு வயதுக்காரிக்குச் சட்டம்தான் சட்டம்.

அப்படியானால் நான் கூப்பிடக் கூப்பிட அவள் இன்னும் சுருண்டு ஒளிந்திருப்பாள். "நீ சொல்லு, சீக்கிரம் சொல்லு" என்றேன். அவளுக்குக் குரல் எழும்பவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. எத்தனை பேர் குரலில் கத்தியவள், தன் குரலைத் தேடிக்கொண்டு நின்றாள். கன்னத்தைத் தட்டி, தண்ணீர் குடிக்க வைத்தேன். வீடு வீடாக அவளை இழுத்துக்கொண்டு போனேன். என் அழுகை வெளியே கேட்டுவிடக்கூடாது என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

"ஆட்டம் க்ளோஸ்" என்றாள் ஒவ்வொரு வாசலிலும். நின்று கேட்டோம். ஒன்றுமில்லை. மழை விழத் தொடங்கியது.

அந்த மரவீட்டின் உள்ளறையில் அவள் சொன்னபோது, பத்தாயத்துக்குள்ளிருந்து எலி பிறாண்டுவதுபோல ஒரு சத்தம் வந்தது. நெல்லை வாரி எடுப்பதற்காக அதன் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு இருந்தது. உள்ளே நுழைந்து என் மகள் கதவை இழுத்துச் சாத்தியபோது, வெளியே தொங்கிய கொண்டி விழுந்து மாட்டிக்கொண்டிருக்கிறது. நான் சாய்ந்து அழுதபோது என் இடுப்புக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு பலகைதான்.

கொண்டியைத் தூக்கி அவளை வெளியே இழுத்தேன். உடம்பு கொதித்தது. தலைமுடி ஊறிப்போய் நெற்றியில் ஒட்டியிருந்தது. வாயைத் திறந்து திறந்து காற்றைக் குடித்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. வாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடி மழைச் சாரலில் முகத்தைக் காட்டினேன். வாட்ச்மேன் கழியைப் போட்டுவிட்டு வந்து ஒரு அட்டையால் விசிறினார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்ற நினைப்பை இன்றைக்கும் நான் முழுசாக நினைத்து முடித்ததில்லை.

மூச்சு நிதானப்பட்டதும் அவள் என்னைப் பார்க்கவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணைத்தான் பார்த்தாள்.

"உள்ள மூச்சு முட்டிச்சு அக்கா. கதவு வேற தொறக்கல. அப்பக்கூட நான் கத்தவே இல்ல."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். என் மகள் என் பக்கம் திரும்பினாள். கண்ணில் அப்படி ஒரு பெருமை.

"அக்கா உன்ன மாதிரியே அழுதாம்மா. அடிக்கமாட்டேன், வாடி கண்ணுன்னு எல்லாம் சொன்னா. நான் ஏமாறவே இல்ல."

அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "சமத்து" என்றேன்.