அலுமாரி ஏற்றும் இராமரின் முடிச்சு

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் மனிதர் ஏறிப்போக லிஃப்ட் உண்டு. பெரிய அலுமாரிக்கு அதில் இடமில்லை, படிக்கட்டோ அதைவிட ஒடுக்கம். கட்டியவர்கள் என்ன நினைத்துக் கட்டினார்களோ, கொட்டாஞ்சேனை இராமரின் வீட்டில் அடுப்பு எரிவது அந்த ஒடுக்கத்தால்தான். மொட்டைமாடியில் கப்பியைத் தொங்கவிட்டு, அலுமாரியோ சோபாவோ கயிற்றில் கட்டி, சுவருக்கு வெளியாலேயே தூக்கிப் பல்கனிக்குள் இறக்கிவிடுவார். கம்பத்தைச் சுற்றிப் போடும் கட்டு, மெத்தையைச் சுருட்டிப் போடும் கட்டு, லொறியில் பாரம் அசையாமல் இழுத்து இறுக்கும் கட்டு எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அப்படி இருந்த மனிதரின் வயிற்றெரிச்சலுக்குப் பெயர் தயாபரன். மனைவி இராமலெட்சுமியின் தம்பி, அதாவது சொந்த மைத்துனன். மலையகத்திலிருந்து வந்தவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே இராமர்தான், அதுவும் மனைவியின் நச்சரிப்புத் தாங்காமல்.

வந்தவன் ஒரு முடிச்சோடு வந்தான். கயிற்றில் சின்னதாக ஒரு கண் போடுவான். நுனியைக் கீழிருந்து அதற்குள் விட்டு, மேல்கயிற்றைச் சுற்றி, திரும்பவும் அதே கண்ணுக்குள் இறக்கி இழுப்பான். எவ்வளவு பாரம் தொங்கினாலும் அந்த வளையம் சுருங்காது. வேலை முடிந்ததும் பெருவிரலால் தள்ளினால் கழன்றுவிடும். கூலிக்காரர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். இராமர் பீடி பற்றவைக்கப் போனார்.

வீட்டிலும் அதே பேச்சு. "எந் தம்பி கட்டுனா கழட்டவும் லேசு, பாத்தீங்களா?" என்றாள் இராமலெட்சுமி ரொட்டியை வைத்துக்கொண்டே. இராமர் ரொட்டியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

போதாக்குறைக்கு லொறி முதலாளி சிவபாலன் ஒரு நாள் சொன்னார்: "தீபாவளியோட ரெண்டாவது லொறி வருது. பிறகு கட்டுற வேலை முழுக்க ஒரு ஆளின்ர பொறுப்பு. ஆரெண்டு பாத்துச் சொல்லுறன்."

அந்தப் பொறுப்பு தனக்கு வராவிட்டால் மைத்துனன் சொல்லித் தான் கயிறு பிடிக்க வேண்டும். அந்த நினைப்பே இராமருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அன்றிலிருந்து தன் முடிச்சுகளின் அடியில் யார் கண்ணிலும் படாமல் ஒரு குறுக்குச் சுற்றைச் செருகத் தொடங்கினார். பாரம் இழுத்தால் அது கல்லாகிவிடும். வேறு யாராலும் அவிழ்க்க முடியாது. "இராமரண்ணே, வந்து அவிழ்த்து விடுங்க" என்று அவர்கள் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. கேட்டவர்களிடம், கயிறு நனைந்துவிட்டது என்பார்.

ஐப்பசி மழைக்கு முந்திய ஒரு காலை. நேசமலர் டீச்சர் வீட்டுக்கு இரண்டு தேக்கு அலுமாரி, மூன்றாம் மாடி. முதலாவதைத் தூக்கி, கயிற்றின் அடியைக் கீழே வாசல் கேற்றுத் தூணில் இராமரே கட்டினார், குறுக்குச் சுற்றோடுதான். பிறகு மேலே ஓடிப்போய்ப் பல்கனியில் நின்று அலுமாரியை உள்ளே இழுத்தார். கடல் பக்கமிருந்து காற்று ஒன்று வந்தது. அலுமாரி திரும்பிச் சுவரில் மோதியது. இராமரின் வலது கை நடுவில் மாட்டிக்கொண்டது; அலுமாரி கொஞ்சம் கீழே போனால்தான் கை வெளியே வரும்.

"இறக்குங்கடா! ஒரு சாண் இறக்குங்க!"

கீழே எல்லாரும் முடிச்சில் விழுந்தார்கள். நகம் பிய்ந்ததுதான் மிச்சம். ஒருவன் கத்தியை எடுத்தான். தயாபரன் அவன் கையைத் தட்டிவிட்டான், வெட்டினால் அலுமாரி இராமரின் கையையும் கொண்டு போய்விடும். இன்னொரு கயிற்றை எடுத்து, இறுகி நின்ற கயிற்றின் மேல் நெருக்கமாகப் பல சுற்றுச் சுற்றிப் பூட்டினான். அதன் மறுமுனையை லொறிக் கொக்கியில் வளைத்து எல்லாருமாக இழுக்க, பாரம் புதுக் கயிற்றுக்கு மாறியது. அதற்குப் பிறகுதான் இராமரின் முடிச்சை வெட்டி எறிந்துவிட்டு, கொக்கியில் வளைத்த கயிற்றை மெல்லத் தளர்த்தினான். கை வந்தது, நீலமாக வீங்கி.

சிவபாலன் வந்து சேர்ந்தபோது வெட்டுண்ட முடிச்சு தரையில் கிடந்தது. எடுத்துப் புரட்டி, அடியில் இருந்த குறுக்குச் சுற்றைப் பார்த்தார்.

"இந்தக் கேடுகெட்ட முடிச்சை ஆர் போட்டது?"

துணி சுற்றிய கையோடு அப்போதுதான் இறங்கி வந்த மச்சானைத் தயாபரன் ஒரு தரம் பார்த்தான். "நாந்தான், முதலாளி."

"அப்ப நீ நாளைக்கு வரத் தேவையில்லை."

இராமர் இத்தனை நாள் வேண்டிக்கொண்டது அதுதான். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். ஆனால் முதலாளி அந்த முடிச்சை மைத்துனனிடம் நீட்டிப் பேசியதைப் பார்த்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. அதையும் இவன் எடுத்துக்கொள்வதா?

"இவனா? இவனுக்கு இப்பிடிக் கட்டத் தெரியுமா?" என்று கத்தினார். "அது என்னோட முடிச்சு! கொழும்புல வேற ஒருத்தனும் போட ஏலாது!"

சிவபாலன் முடிச்சை அவருடைய இடது கையில் வைத்தார். "டிஸ்பென்சரிக்குப் போய்க் கையைக் காட்டுங்கோ," என்றார். பிறகு தயாபரன் பக்கம் திரும்பினார். "மற்ற அலுமாரிக்கு நீ கட்டு. இனி எல்லாத்துக்கும் நீதான்."

இராமர் போகவில்லை. கேற்றடியில் நின்று பார்த்தார். தயாபரன் கண் போட்டான், நுனியை விட்டான், சுற்றினான், இறக்கி இழுத்தான். கட்டு நன்றாகத்தான் இருந்தது. அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.